கப்ருக்குள் இருப்பவருக்கு நாம் பேசுவது கேட்குமா? – மரண அச்சங்களும் மார்க்கத்தின் விளக்கமும்

மையவாடியில் நல்லடக்கம் முடிந்து, துஆ ஓதி, கூட்டம் கலையும் நேரத்தில் சிலர் நம் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துச் செல்வார்கள். எல்லோர் முன்னிலையிலும் கேட்கத் தயங்கும் கேள்விகளை அப்போதுதான் கேட்பார்கள். "ஹஜ்ரத், குளிப்பாட்டும்போது அத்தாவுடைய கை அசைந்த மாதிரி இருந்தது. உயிர் இருந்திருக்குமோ?" "இத்தனை மண்ணைத் தள்ளினோமே, அவருக்கு மூச்சு முட்டாதா?" "கொரோனாவில் பையோடு இறக்கிவிட்டோம். கஃபன் கூட ஒழுங்காக இடவில்லை. அவர் எங்களை மன்னிப்பாரா?"

செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையுள்ள இந்தப் பகுதியில் இக்கேள்விகளைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறோம். கேட்பவர்கள் ஈமான் குறைந்தவர்கள் அல்லர். இரவில் தூக்கம் வராமல் தவிப்பவர்கள். "அப்படியெல்லாம் நினைக்காதீர்கள்" என்று ஒரு வார்த்தையில் அவர்களை அனுப்பிவிடுவது முறையன்று. மருத்துவம் சொல்வதையும் மார்க்கம் சொல்வதையும் தனித்தனியே பிரித்து விளக்குவது நம் கடமை.

இந்த மண்ணின் பழைய கேள்வி

இறந்தவருக்கு உணர்வு உண்டா என்ற கேள்வி நம்மோடு பிறந்ததல்ல. மதுராந்தகம் அருகே சானூரில் இந்தியத் தொல்லியல் துறை 1950, 1952ஆம் ஆண்டுகளில் அகழாய்வு செய்தது. பெருங்கற்காலத்து மக்களின் ஈமக்குழிகள் அங்கே வெளிப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்லாவரத்தில் சுடுமண் ஈமப்பேழைகளை அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்தார். இத்தகைய ஈமக்குழிகளில் பானைகளும் இரும்புக் கருவிகளும் கிடைக்கின்றன. போனவருக்கு அங்கேயும் பசிக்கும், அங்கேயும் கருவி தேவைப்படும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்திருக்கலாம்.

சதுரங்கப்பட்டினத்தின் டச்சுக் கோட்டைக்குள் 17, 18ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள் இருக்கின்றன. கடல் கடந்து வணிகத்துக்கு வந்து இங்கேயே மடிந்தவர்களின் பெயர்களை அழகிய எழுத்துகளில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தொலைதேசத்தில் புதைந்தவரை யாரும் மறந்துவிடக் கூடாது என்ற தவிப்பு அந்தக் கற்களில் தெரிகிறது. வடக்கே கோவளம் கடற்கரையில் தமீமுல் அன்சாரி அவர்களின் அடக்கத்தலம் என மக்கள் ஸியாரத் செய்யும் தர்கா உள்ளது. காலமும் மதமும் வேறு வேறு. ஆனால் இறந்தவர் எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்ற மனிதனின் தேடல் ஒன்றுதான்.

உயிரோடு அடக்கிவிட்டோமோ?

இந்த அச்சம் ஒருகாலத்தில் ஐரோப்பா முழுவதையும் ஆட்டிப் படைத்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் இதற்கென்றே பிணக்காப்பு இல்லங்கள் கட்டினார்கள். உடலைச் சில நாள்கள் அங்கே கிடத்தி, விரல்களில் கயிறு கட்டி, அதை மணியோடு இணைத்து, காவலரை அமர்த்திக் காத்திருந்தார்கள். 1896இல் லண்டனில் உயிரோடு புதைப்பதைத் தடுப்பதற்கென ஒரு சங்கமே தொடங்கப்பட்டது.

நம் ஃபுகஹாக்கள் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பேசிவிட்டார்கள். ஜனாஸாவை விரைவுபடுத்துவது நபிவழி. ஆனால் மரணம் உறுதியான பிறகுதான் அந்த விரைவு. நீரில் மூழ்கியவர், திடீரென விழுந்து இறந்தவர் போன்றோரிடம் ஐயம் இருந்தால், மரணத்தின் அடையாளங்கள் தெளிவாகும் வரை காத்திருக்க வேண்டும் என்று சட்ட நூல்கள் கூறுகின்றன. இன்று மருத்துவர் நாடி, சுவாசம், கண்பாவை, இதயத் துடிப்பு ஆகியவற்றைச் சோதித்துச் சான்றளிக்கிறார். வீட்டில் இறந்தவரையும் மருத்துவர் ஒருவர் பார்த்து உறுதி செய்வது நல்லது. அது தவக்குலுக்கு முரணானதல்ல.

அப்படியானால் கை அசைந்தது எப்படி? இறந்த சில மணி நேரத்தில் தசைகள் விறைக்கத் தொடங்குகின்றன. சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுதும் விறைத்து, பிறகு மெல்லத் தளர்கிறது. நம் ஊர் வெயிலில் இது இன்னும் விரைவாக நடக்கும். குளிப்பாட்டுபவர் மூட்டுகளை மடக்கி நீட்டும்போது, பாதி விறைத்த கை தானாக அசைவதுபோல் திரும்பக்கூடும். உடலைப் புரட்டும்போது நெஞ்சில் தங்கிய காற்று வெளியேறி முனகல் போன்ற ஒலி எழும். நகம் வளர்ந்ததுபோல் தெரிவது, ஈரம் வற்றித் தோல் சுருங்குவதால். இவை உயிரின் அடையாளங்கள் அல்ல. எனவே உங்கள் அத்தாவை நீங்கள் உயிரோடு அடக்கிவிடவில்லை. இந்த ஐயத்தை மனதிலிருந்து இறக்கி வையுங்கள்.

மண்ணின் பாரம் பற்றியும் ஒரு சொல். கெட்டியான நிலத்தில் கிப்லா பக்கச் சுவரைக் குடைந்து உட்குழி அமைப்பது 'லஹ்த்'. நபி (ஸல்) அவர்களின் கப்ர் இந்த வகையே. கடற்கரை மணல் குடைந்தால் சரியும். ஆகவே நடுவில் பள்ளம் எடுத்து மேலே பலகை அடுக்கும் 'ஷக்கு' முறையை நம் ஊர்களில் கையாளுகிறோம். இரண்டிலும் மய்யித்தின் மீது மண் நேராக விழுவதில்லை. இறந்தவருக்கு மூச்சு தேவையில்லைதான். ஆயினும் அவர் உடலுக்குரிய கண்ணியத்தை மார்க்கம் விட்டுக்கொடுக்கவில்லை. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடு இருப்பவரின் எலும்பை முறிப்பது போன்றது என்ற கருத்தில் நபிமொழி வந்துள்ளது (அபூதாவூத்). மய்யித்தை மெதுவாகக் கையாளுவது அதனால்தான்.

இறந்தவருக்குக் கேட்குமா?

இங்கேதான் மருத்துவம் நின்றுவிடுகிறது, வஹீ தொடர்கிறது. மரணத்துக்கும் மறுமைக்கும் இடையில் உள்ள திரையைக் குர்ஆன் 'பர்ஸக்' என்று அழைக்கிறது (23:100). தூக்கத்திலும் மரணத்திலும் உயிர்களை அல்லாஹ்வே கைப்பற்றுகிறான் என்று 39:42ஆம் வசனம் தூக்கத்தையும் மரணத்தையும் அருகருகே வைத்துப் பேசுகிறது. ஒரே படுக்கையில் இருவர் தூங்குகிறார்கள். ஒருவர் இனிய கனவில் இருக்கிறார், மற்றவர் கெட்ட கனவில் வியர்க்கிறார். பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு இரண்டும் தெரிவதில்லை. பர்ஸக் வாழ்வு நம் புலன்களுக்கு எட்டாதது என்பதைப் புரிந்துகொள்ள இந்த அளவு உவமை போதும்.

அடக்கிவிட்டுத் திரும்புவோரின் காலடி ஓசையை மய்யித் கேட்கிறார், பிறகு இரு வானவர்கள் வந்து விசாரிக்கிறார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. பத்ரில் கொல்லப்பட்டுக் கிணற்றில் போடப்பட்ட குறைஷியரை நபி (ஸல்) அவர்கள் அழைத்துப் பேசினார்கள். உயிரற்ற உடல்களிடமா பேசுகிறீர்கள் என உமர் (ரலி) வியந்தபோது, அவர்கள் உங்களைவிட நன்றாகவே கேட்கிறார்கள், பதில் சொல்லத்தான் முடியாது என்ற பொருளில் விடை வந்தது. ஆயிஷா (ரலி) அவர்களோ, கப்ரில் உள்ளோரை நீர் கேட்கச் செய்ய முடியாது என்ற கருத்துடைய வசனத்தைக் காட்டி (35:22), அவர்கள் இப்போது உண்மையை 'அறிகிறார்கள்' என்பதே அதன் பொருள் என்றார்கள். இந்த இரு பார்வைகளையும் ஒட்டி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இன்றுவரை உண்டு. இமாம் இப்னுல் கய்யிம் 'கிதாபுர் ரூஹ்' என்ற நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இந்த வேறுபாட்டை வைத்து நாம் சண்டையிட வேண்டியதில்லை. இரு சாராரும் ஒப்புக்கொள்வது போதுமானது. கப்ரின் இன்பமும் வேதனையும் உண்மை. ஆனால் அது நாம் கற்பனை செய்வதுபோல், இருட்டறையில் பூட்டப்பட்ட மனிதர் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் நிலை அல்ல. ஸலாம் சொல்லுங்கள், துஆ செய்யுங்கள். அது சேரும் வழி அல்லாஹ்வுக்குத் தெரியும்.

கப்ரே இல்லாதவர்கள்

2004 டிசம்பர் 26 அன்று காலை கடல் ஊருக்குள் வந்தது. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8 ஆயிரம் உயிர்கள் போயின. கல்பாக்கம், மாமல்லபுரம் கரைகளும் அந்த நாளை மறக்கவில்லை. அடையாளம் காணமுடியாத உடல்களை ஒரே குழியில் அடக்கினார்கள். சிலர் கரை ஒதுங்கவே இல்லை. குளிப்பாட்டவில்லை, தொழவைக்கவில்லை, கப்ர் எங்கே என்று தெரியாது. இந்த வலியோடு வாழ்பவர்களுக்கு நம் பதில் என்ன?

முதலாவது, நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீதின் அந்தஸ்தைப் பெறுவோரில் ஒருவர் என்று புகாரி, முஸ்லிம் ஹதீஸ்கள் அறிவிக்கின்றன. கொள்ளைநோயில் இறந்தவரும் இடிபாட்டில் சிக்கி இறந்தவரும் அதே பட்டியலில் இருக்கிறார்கள்.

இரண்டாவது, அபிசீனியாவில் இறந்த நஜாஷி மன்னருக்கு நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் ஜனாஸா தொழுதார்கள். இதை வைத்து ஷாஃபிஈ மத்ஹபில் காயிப் ஜனாஸா தொழப்படுகிறது. ஹனஃபி மத்ஹபில் அது இல்லை. ஆனால் துஆவும் ஸதகாவும் இரு மத்ஹபிலும் உண்டு.

மூன்றாவது, புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஒரு சம்பவம். முற்காலத்தில் பாவங்கள் செய்த ஒருவர், அல்லாஹ்வுக்கு அஞ்சி, தான் இறந்ததும் உடலை எரித்துச் சாம்பலைத் தரையிலும் கடலிலும் தூவிவிடுமாறு பிள்ளைகளிடம் வஸிய்யத் செய்தார். அல்லாஹ் தரைக்கும் கடலுக்கும் கட்டளையிட்டு அவரை ஒன்றுசேர்த்து, ஏன் இப்படிச் செய்தாய் எனக் கேட்டான். உன் மீதுள்ள அச்சத்தால் என்றார். அல்லாஹ் அவரை மன்னித்தான். கடலில் தூவிய சாம்பலைச் சேர்ப்பவனுக்கு, கடல் கொண்டுபோன உடலைச் சேர்ப்பது கடினமா?

பெருந்தொற்று விட்டுச் சென்ற காயம்

2020இல் இலங்கையில் நடந்ததை நாம் அறிவோம். கொரோனாவில் இறந்த அனைவரையும் எரிக்க வேண்டும் என்று அந்த ஆண்டு ஏப்ரலில் வர்த்தமானி அறிவிப்பு வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கப்படவில்லை. பிறந்த சில வாரங்களே ஆன குழந்தையின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டபோது, கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தம் துயரத்தைச் சொன்னார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, பிற மதத்தவரும் கட்டினார்கள். 2021 பிப்ரவரியில் தடை நீங்கி, மார்ச் மாதம் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024இல் அந்நாட்டு அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவெடுத்தது.

நம் பகுதியில் எரிக்கும் நிலை வரவில்லை. ஆனால் பிளாஸ்டிக் பையில், முகம் காட்டாமல், நான்கைந்து பேர் மட்டும் நின்று அடக்கிய நாள்கள் இருந்தன. குளிப்பாட்ட முடியாவிட்டால் தயம்மும். அதுவும் இயலாவிட்டால் முடிந்ததைச் செய்து தொழவைக்கலாம் என்று நம் காலத்து உலமாக்கள் பலர் தீர்ப்பளித்தார்கள். எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை (2:286). உங்களால் முடியாததற்கு நீங்கள் குற்றவாளி அல்லர். உங்கள் தந்தையும் அதற்காகக் குறைந்துபோகவில்லை. அன்று கவச உடை அணிந்து, மதம் பாராமல் உடல்களைச் சுமந்த நம் இளைஞர்களுக்கு அல்லாஹ் கூலி வழங்குவானாக.

உண்மையில் அஞ்ச வேண்டியது

உஸ்மான் (ரலி) கப்ரைக் கண்டால் தாடி நனையுமளவு அழுவார்கள் (திர்மிதி). அவர்கள் அஞ்சியது இருட்டுக்கும் மண்ணுக்கும் அல்ல. மறுமையின் முதல் தங்குமிடம் அது என்பதற்காக. வேதனை செய்யப்பட்ட இரு கப்ருகளைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, ஒருவர் கோள் சொல்லித் திரிந்தவர், மற்றவர் சிறுநீர்த் துப்புரவைப் பேணாதவர் என்றார்கள். நாம் சிறியவை என்று ஒதுக்கும் காரியங்கள்!

கடன் இன்னொன்று. கடன்பட்டு இறந்த ஒருவருக்குத் தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கி நின்றார்கள். அபூ கத்தாதா (ரலி) அக்கடனை ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்தார்கள். ஆகவே, "அத்தாவுக்கு அங்கே எப்படி இருக்கிறதோ" என்று அழுபவரிடம் நாம் திருப்பிக் கேட்பது இதுதான்: அத்தா யாருக்காவது தரவேண்டியது பாக்கி இருக்கிறதா? சகோதரிகளுக்குரிய பங்கைக் கொடுத்துவிட்டீர்களா? அவர் வருத்தப்படுத்திய யாரிடமாவது நீங்கள் சென்று மன்னிப்புக் கேட்டீர்களா? இந்தக் கேள்விகளில் பலர் மௌனமாகிவிடுகிறார்கள். ஆனால் மறுவாரம் ஒருவர் வந்து, பழைய கணக்கைத் தீர்த்துவிட்டதாகச் சொல்லும்போது அவர் முகம் தெளிந்திருக்கும். அன்றிரவு அவர் தூங்கியிருப்பார்.

ஸஅத் பின் உபாதா (ரலி) தம் தாய் இறந்தபோது அருகில் இல்லை. அந்தக் குறை அவரை வாட்டியது. தாயின் சார்பில் தருமம் செய்தால் பலன் சேருமா என்று கேட்டார். ஆம் என்ற பதில் கிடைத்ததும் தம் தோட்டத்தையே ஸதகாவாக்கினார் (புகாரி). கடைசி நேரத்தில் பக்கத்தில் இருக்க முடியாமல் போன ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தத் தோட்டத்தில் ஆறுதல் இருக்கிறது.

யா அல்லாஹ்! எங்களுக்கு முன் சென்றவர்களின் கப்ருகளை விசாலமாக்குவாயாக. கடலில் மறைந்தவர்களையும் பெயர் தெரியாக் குழிகளில் உறங்குபவர்களையும் உன் அருளால் போர்த்துவாயாக. எங்களை ஈமானோடு வாழவைத்து, பிறர் உரிமை எதுவும் எங்கள் கழுத்தில் இல்லாத நிலையில் மரணிக்கச் செய்வாயாக. ஆமீன்.