நடுகல் கண்காட்சிக்கு ஊரைக் கூட்டும் முறை

திருவண்ணாமலைப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகமோ கல்லூரியோ புதிதாகக் கலை அருங்காட்சியகம் திறந்தால், அதன் முதல் கண்காட்சி செங்கம் நடுகற்களைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வடமொழியில் கல்வெட்டு வெட்டிய அதே காலத்தில், செங்கத்துக் காடுகளில் மாடு மீட்டு மாண்டவர்களுக்கு வட்டெழுத்தில், தமிழில் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இக்கற்களைத் தேடித் தொகுக்க, இரா. நாகசாமியின் பதிப்பில் 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ நூல் வந்தது. கற்கள் பலவும் அந்தந்த ஊரிலேயே நிற்கின்றன. கிரிவலத்துக்கு வரும் லட்சக்கணக்கானோரில் மிகச் சிலருக்கே அது தெரியும்.

இப்படி ஒரு கண்காட்சிக்கு மக்களை வரவழைப்பதும், வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதும் எப்படி?

முதலில், எதைக் காட்டுவது என்பதை முடிவு செய்ய வேண்டும். கல்லைப் பெயர்த்து வந்து கூடத்தில் விளக்கொளியில் நிறுத்தும் ஆசை வரும். வேண்டாம். இக்கற்களில் பல இன்றும் வேடியப்பனாகப் பூசை பெறுகின்றன. பொங்கலும் படையலும் வாங்கும் சாமியைக் கண்ணாடிக்குள் வைக்க நமக்கு உரிமை கிடையாது. சாலை விரிவாக்கத்தில் சாய்ந்து, கேட்பாரற்றுக் கிடக்கும் கல்லுக்கு மட்டும், ஊரும் தொல்லியல் துறையும் இசைந்தால், இடம் தரலாம். மற்றவற்றுக்கு, கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றியெடுத்த ஆளுயர மைப்படிகளும் புகைப்படங்களும் போதும். கல் இல்லாத நடுகல் கண்காட்சியா என்று கேட்பார்கள். கல்லைப் பார்க்கத்தான் வண்டி ஏற்பாடு செய்யப் போகிறோம்.

அடுத்தது அனுமதி. பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட கல்லென்றால் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்லியல் துறையிடம் எழுதிக் கேட்க வேண்டும். அதற்கும் முன்னால் ஊருக்குப் போய்ப் பூசாரியையும் பெரியவர்களையும் நிலத்துக்காரரையும் பார்க்க வேண்டும். மாணவர்கள் படிவத்தோடு போகக் கூடாது. “ஐயா, உங்க சாமி கல்லுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லட்டுங்களா?” என்று கேட்டால் பேச்சு தானாக வளரும். கல்லைப் பற்றி ஊரில் வழங்கும் கதையை அங்கேயே பதிவு செய்துகொள்ள வேண்டும். கல்வெட்டுச் செய்தியோடு அது ஒத்துப்போகாவிட்டாலும் கண்காட்சியில் இரண்டும் அருகருகே இடம்பெற வேண்டும்.

நாள் குறிப்பதில் ஒரே விதிதான்: பௌர்ணமியும் கார்த்திகை தீபப் பத்து நாளும் ஆகாது. பேருந்தும் கிடைக்காது, அறையும் கிடைக்காது.

இனி மைப்படிப் பயிற்சி. நிகழ்ச்சியின் உயிர் இதுதான் என்பேன். சுவரில் தொங்கும் மைப்படியை ஒருவர் அரை நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். தானே ஒன்று எடுத்தவர் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துத் தேடுவார். பொதுமக்களை மூலக் கல்லில் கைவைக்க விடக் கூடாது. ஒரு சிற்பியிடம் சொல்லிக் கருங்கல் பலகைகளில் நான்கைந்து வரி வட்டெழுத்து வெட்டி வாங்கி, அருங்காட்சியக முற்றத்தில் நிழலில் நிறுத்திவிடுங்கள்.

பலகையை முதலில் தண்ணீர் ஊற்றி நார்த் தூரிகையால் தேய்த்து, எழுத்துக் குழிக்குள் இருக்கும் மண்ணை எடுக்க வேண்டும். கம்பித் தூரிகை எந்தக் காலத்திலும் கூடாது. பிறகு தாள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் மேப்லித்தோ தாளைத்தான் பயன்படுத்துகிறார்கள். கல்லின் அளவுக்கு வெட்டி, தண்ணீரில் நனைத்து, இருவர் இரு முனையைப் பிடித்து மேலிருந்து கீழாகக் கல்லின் மேல் படியவிட வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி வெளியேற்ற வேண்டும். அதன்பின் அடர்ந்த மயிர்த் தூரிகையால் தாளைச் சீராகத் தட்ட வேண்டும். எழுத்துக் குழிகளுக்குள் தாள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். எங்காவது கிழிந்தால் அதே தாளில் ஒரு நனைந்த துண்டை மேலே ஒட்டித் தட்டினால் சேர்ந்துகொள்ளும்.

இப்போது காத்திருக்க வேண்டும். ஈரம் அதிகமிருந்தால் மை பரவி எழுத்து அழியும். முழுக்கக் காய்ந்தால் தாள் கல்லைவிட்டு எழும்பிவிடும். தொட்டால் குளிர்ச்சி தெரிந்து, கையில் நீர் ஒட்டாத பதம்தான் சரி. காற்று வீசும் பிற்பகலில் இந்தப் பதம் சட்டென்று கைநழுவும் என்பதால் காலையில் தொடங்குவதே நல்லது. விளக்குக் கரியும் பிசினும் சேர்ந்த மையைத் துணிப் பொதியில் தொட்டு, ஒரு பலகையில் ஒற்றி மிகுதியை நீக்கி, தாளின் மேல் மெல்ல ஒற்றிக்கொண்டே போக வேண்டும். தேய்க்கக் கூடாது. மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். நன்றாகக் காய்ந்தபின் மேல் முனையிலிருந்து உரித்து, பின்பக்கத்தில் ஊர், நாள், எடுத்தவர் பெயர் எழுதினால் வேலை முடிந்தது.

படிக்க வைப்பது அடுத்த கட்டம். கூடத்தில் வட்டெழுத்து அட்டவணை ஒன்று பெரிதாக இருக்கட்டும். சிறுவர்களுக்கு எடுத்தனூர் நடுகல்லின் மைப்படியை முதலில் கொடுங்கள். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் அது. எருமைகளைக் காத்து மாண்ட கருந்தேவக்கத்திக்காக நட்டது. அவனோடு நின்று கள்ளர் இருவரைக் கடித்துக் காத்த கோவிவன் என்ற நாயையும் கல்லில் செதுக்கி, அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டு தாண்டி ஒரு நாயின் பெயரைத் தன் வாயால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மறுநாள் ஊர்ப் பயணம். தண்டராம்பட்டு, செங்கம் பக்கம் இரண்டு ஊர்கள் போதும், நான்கு வேண்டாம். கல்லைச் சுற்றிப் பத்துப் பேருக்கு மேல் நின்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. எழுத்தைத் தெளிவாக்கச் சுண்ணக்கட்டியும் மாவும் பூசும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதைத் தடுத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தோ கண்ணாடியால் வெயிலைத் திருப்பியோ காட்டுங்கள். நிழல் விழுந்து எழுத்து எழும்பும். எண்ணெய் படிந்த கல்லைக் கழுவ வேண்டுமென்றால் பூசாரிதான் கழுவ வேண்டும். நடுகல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் ஆறு நிலைகளில் கல்லை நீராட்டும் நீர்ப்படையும் ஒன்று. வந்தவர்கள் அதைக் கண்ணெதிரே காண்பார்கள். ஊர்க் கதையைச் சொல்ல வேண்டியவரும் அந்த ஊர்க்காரர்தான். அவருக்கும் பேராசிரியருக்குத் தரும் அதே மதிப்பூதியம் தர வேண்டும்.

இரவுக்குக் கூத்து. செங்கண்மாவை, அதாவது இன்றைய செங்கத்தை, ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம் கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெற்றது. கவர்வழிகளில் நடுகற்கள் நிறைய உண்டு, அவற்றுக்கு மரபுப்படி இசைத்துவிட்டுப் போங்கள் என்று அது கூத்தருக்கு வழி சொல்கிறது. கூத்து மரபு இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கிறது. தெருக்கூத்துக்குப் பேர்போன, செய்யாறு பக்கத்துப் புரிசை என்ற ஊர் ஒன்று போதும் சான்றுக்கு. பாரதத்தின் விராட பருவத்தைக் கேட்டு வாங்குங்கள். கவர்ந்த மாடுகளை மீட்கும் சண்டை அதில் வருகிறது. அதையும் அரங்கில் இரண்டு மணி நேரமாகச் சுருக்கி வைக்காமல், பயணம் போன ஊரிலேயே, களத்துமேட்டில், விடிய விடிய வைக்க வேண்டும். கட்டியங்காரனிடம் அந்த ஊர்க் கல்லின் கதையை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தன் பேச்சுக்குள் அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியும்.

கண்காட்சி முடிந்ததும் ஒவ்வொரு கல்லின் மைப்படியிலும் ஒரு பிரதியைச் சட்டமிட்டு, இன்றைய எழுத்தில் வாசகத்தையும் சேர்த்து, அந்தந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மாட்டிவிட்டு வர வேண்டும். செலவுத் திட்டத்தில் இதற்கான தொகையை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். கடைசியில் எழுதினால் பணம் மிஞ்சாது.