படை விட்டு வந்தவரின் உடம்பும் மனசும்

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்றொரு ஊர் இருக்கிறது. வீட்டுக்கு வீடு படைக்குப் போனவர்கள் இருப்பதால் ‘ராணுவப்பேட்டை’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. இப்படிப்பட்ட ஊர்களில் ஓய்வுபெற்ற மிலிட்டரிக்காரர் என்றால் தாத்தா வயதில் ஒருவரைத் தேட வேண்டியதில்லை. 2022-க்கு முன் பதினெட்டு, பத்தொன்பது வயதில் சிப்பாயாகச் சேர்ந்தவர் பதினைந்து, பதினேழு ஆண்டுகளில் ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிவிடுகிறார். வயது நாற்பதைக்கூடத் தொட்டிருக்காது. பனிமலையில் சுமை தூக்கித் தேய்ந்த முழங்கால், துப்பாக்கிச் சத்தத்தில் மந்தமான காது, நேரத்துக்குத் தூங்காமல் ஏறிய ரத்த அழுத்தம் எல்லாவற்றோடும் இன்னும் பாதி வாழ்க்கையை அவர் வாழ வேண்டும்.

அவருக்கான வைத்திய வசதிதான் இ.சி.எச்.எஸ். எனப்படும் முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம். 2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓய்வு பெறும்போது பதவிக்கு ஏற்ப ஒரே ஒரு முறை பணம் கட்டினால் போதும்; ஆயுள் முழுவதும் வைத்தியம். 1996-க்கு முன் ஓய்வுபெற்றவர்களும் போரில் கணவரை இழந்தவர்களும் அந்தப் பணத்தையும் கட்ட வேண்டியதில்லை. மனைவி, சம்பாதிக்காத பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் எல்லோருக்கும் இது பொருந்தும். மாற்றுத்திறனாளியான, தன் காலில் நிற்க இயலாத பிள்ளைக்கு வயது வரம்பே கிடையாது. மற்ற மகன்களைப் போல இவருக்கும் 25 வயதோடு முடிந்துவிடும் என்று நினைத்துப் பெயரைச் சேர்க்காமலே விட்ட குடும்பங்கள் உண்டு; உடனே சேர்த்துவிடுங்கள்.

நடைமுறை இதுதான். முதலில் போக வேண்டிய இடம் பாலிகிளினிக். நாடு முழுவதும் நானூறுக்கு மேல் இருக்கின்றன. அங்குள்ள மருத்துவர் பார்த்து, தேவைப்பட்டால் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கு ரெஃபரல் எழுதித் தருவார். அதைக் கொண்டுபோனால் அந்த மருத்துவமனை பணம் வாங்காமல் சிகிச்சை தர வேண்டும். முன்பணம் கட்டச் சொன்னால் பாலிகிளினிக்கின் பொறுப்பு அதிகாரியிடம் அன்றே எழுத்துமூலம் புகார் கொடுங்கள். எழுதித் தந்த மருந்து பாலிகிளினிக்கில் கையிருப்பு இல்லையென்றால், ‘இல்லை’ என்று சீட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வாங்கலாம். அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முத்திரை இல்லாத பில்லுக்குப் பணம் வராது.

குடும்பங்கள் தடுமாறுவது நள்ளிரவு நெஞ்சுவலியில்தான். அந்த நேரத்தில் ரெஃபரல் தேவையில்லை. பக்கத்தில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அங்கே கொண்டுபோகலாம். அது திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்றால் அட்டையைக் காட்டினால் போதும், தகவல் சொல்வது அவர்கள் பொறுப்பு. சேராத மருத்துவமனை என்றால் 48 மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு பாலிகிளினிக்குக்குக் குடும்பத்தார் தகவல் தந்தாக வேண்டும். பிறகு பணம் கட்டிவிட்டு ரசீதுகளோடு விண்ணப்பிக்கலாம். கிடைப்பது அரசு நிர்ணயித்த கட்டண அளவுக்குத்தான். நோயாளி மயங்கிக் கிடக்கும்போது இந்த 48 மணி நேரத்தை மனைவியோ மகனோதான் நினைவில் வைத்திருக்க வேண்டும். விதி அவருக்கு மட்டும் தெரிந்திருந்து பயனில்லை.

இன்னொரு சிக்கல் பெயரில் இருக்கிறது. ராணுவ ஆவணத்தில் மனைவி பெயர் ‘மல்லிகா’, ஆதாரில் ‘மல்லிகாதேவி’. பிறந்த தேதியும் வேறு. இனிஷியல் வைக்கும் நம் வழக்கத்தால், தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல். கணவர் உயிரோடு இருக்கும்போது இது யாருக்கும் உறுத்துவதில்லை. அவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியம், வைத்திய அட்டை இரண்டும் அந்த ஒரு எழுத்தில் நின்றுவிடும். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, ஆதார் மூன்றையும் மேசையில் பரப்பி ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் வேண்டுமென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழிகாட்டுவார்கள். ஓய்வூதியம் இல்லாத முதியவர்களுக்கான நிதியுதவி பற்றியும் அங்கேயே கேட்கலாம்.

பணியில் வந்த நோய்க்கும் காயத்துக்கும் ஊனமுற்றோர் ஓய்வூதியம் உண்டு. விடுவிக்கும்போது நடக்கும் மருத்துவக் குழுப் பரிசோதனையின் நகல்தான் அதற்கு ஆதாரம், தொலைத்துவிடக் கூடாது. மறுக்கப்பட்டால் சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

உடம்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். மனசைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. எழும் நேரம், உண்ணும் நேரம், உடன் நிற்கும் தோழர்கள் என்று எல்லாம் வரையறுக்கப்பட்ட வாழ்க்கையிலிருந்து ஒருவர் திடீரென்று ஊருக்கு வருகிறார். பிள்ளைகள் அவர் இல்லாமலே வளர்ந்திருக்கிறார்கள். தூக்கமின்மை, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், காரணமில்லாத கோபம், யாரோடும் ஒட்டாமை இவையெல்லாம் வரும்போது, “மிலிட்டரிக்காரர் அப்படித்தான் இருப்பார்” என்று சொல்லிவிடுகிறோம். அது அவரைக் கைவிடுவதற்குச் சமம். ராணுவ கேன்டீனில் மலிவு விலையில் கிடைக்கும் மாத ஒதுக்கீட்டு ரம் இதை மறைக்கிறது, குணப்படுத்துவதில்லை. ஒதுக்கீடு இருப்பதாலேயே வாங்கியாக வேண்டும் என்பதில்லை. மனநல மருத்துவரைப் பார்க்கவும் பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கலாம். வெளியே போகத் தயங்கினால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். படையினருக்கென்றே அதில் ஒரு பிரிவு 2023 முதல் புணே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் இயங்குகிறது.

2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு பணியாற்றி வெளியேறும் அக்னிவீரர்களுக்கு இந்த வைத்தியத் திட்டமே இல்லை. ஓய்வூதியமும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. முழங்காலும் காதும் நான்கு ஆண்டுகளிலும் கெடும்; அவர்களையும் இதில் சேர்ப்பதுதான் நியாயம்.

உங்கள் தெருவில் படையிலிருந்து வந்தவர் ஒருவர் இருந்தால், அவர் மனைவியிடம் ஒன்று கேளுங்கள்: இ.சி.எச்.எஸ். அட்டை உங்கள் பெயரில் தனியாக இருக்கிறதா? இல்லையென்றால் அவர் கூட இருக்கும்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.