கண்டவர் கடமை

செய்தி திரட்டுவது ஒரு காலத்தில் நிருபர்களின் தொழிலாக மட்டுமே இருந்தது. இன்றோ, கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நிருபராகிவிட்டார். வழியில் கண்ட விபத்தையோ சச்சரவையோ படமெடுத்து, நொடிப்பொழுதில் ஊரறியச் செய்துவிடுகிறார். இதனைக் குடிமக்கள் இதழியல் என்பர். இதனால் விளையும் நன்மை பெரிது, தீமையும் சிறிதன்று. இவ்விரண்டையும் காட்டும் நிகழ்ச்சிகள் அமெரிக்க நாட்டில் நடந்துள்ளன.

2020-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள், மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவரைக் காவலர் ஒருவர் தரையில் கிடத்தி, ஒன்பது நிமிடங்களுக்கு மேலாகக் கழுத்தின்மீது முழங்காலை ஊன்றினார். ஃபிளாய்டு உயிர் நீத்தார். கைது செய்யப்பட்டவருக்கு உடல்நலக் கேடு நேர்ந்ததாகவே காவல்துறையின் முதல் அறிக்கை கூறிற்று. ஆயின், அங்கு நின்ற 17 வயதுப் பெண் ஒருவர் நடந்ததைக் கைபேசியில் பதிவு செய்திருந்தார். உலகம் உண்மையை அறிந்தது. 2021-இல் நீதிமன்றம் அக்காவலரைக் கொலைக் குற்றவாளியெனத் தீர்த்தது. அதே ஆண்டில் புலிட்சர் குழு அப்பெண்ணுக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது.

மற்றொன்று, 2013 ஏப்ரல் 15-ஆம் நாள் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தின்போது நிகழ்ந்தது. இரு குண்டுகள் வெடித்து மூவர் மாண்டனர். 260-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். மக்கள் எடுத்த படங்களைப் புலனாய்வுத் துறையினர் கேட்டுப் பெற்றனர். அதுவரை நன்றே. ஆனால் இணையத்தில் கூடிய சிலர் தாமே துப்புத் துலக்கப் புகுந்து, முகச்சாயலை மட்டும் கொண்டு, காணாமற்போயிருந்த ஒரு மாணவரைக் குற்றவாளியென்று பெயர்சொல்லிப் பரப்பினர். மகனைத் தேடித் தவித்துக்கொண்டிருந்த குடும்பத்தின்மேல் வசைமொழிகள் பொழிந்தன. குற்றவாளிகள் வேறு இருவர் எனப் பின்னர் தெளிவாயிற்று. அம்மாணவரோ இறந்து கிடக்கக் கண்டெடுக்கப்பட்டார். அப்பெற்றோரின் துயரத்தை யாரால் ஈடுசெய்ய இயலும்?

முன்னவர் தாம் கண்டதைக் காட்டினார்; பின்னவர்களோ தாம் ஊகித்ததைத் தீர்ப்பாக்கினர். சாட்சியின் இடத்தை விட்டு நீதிபதியின் இருக்கையில் ஏறியதே அவர்கள் செய்த பிழை.

நாம் படமெடுக்கவில்லையே, வந்ததை அனுப்பினோம், அவ்வளவுதானே எனச் சிலர் கூறலாம். 2018 ஜூலை 1-ஆம் நாள் மகாராஷ்டிரத்தின் ரயின்பாடா சிற்றூரில், பிள்ளை பிடிப்போர் என்னும் ஐயத்தால் ஐவர் அடித்துக் கொல்லப்பட்டனர். அந்த ஐயத்தை வளர்த்தவை வாட்ஸ்அப் வழியே கைமாறிய வதந்திகளே. அவற்றை அனுப்பியோர் கையில் கல்லோ தடியோ இல்லை. ஆயினும் அவர்களுக்குப் பங்கில்லை எனலாமோ?

ஆகவே சில நெறிகளை நாம் மேற்கொள்ளுதல் நலம். விபத்தில் அடிபட்டவரைக் கண்டால் முதலில் கைகொடுப்போம்; படம் பிறகு ஆகட்டும். இறந்தோர் முகத்தையும் கதறுவோர் கண்ணீரையும் காட்சிப்பொருளாக்காதிருப்போம். பாலியல் கொடுமைக்கு உள்ளான பெண்டிர், சிறார் ஆகியோரின் பெயரையோ முகத்தையோ வெளியிடுதல் சட்டப்படியும் குற்றமாகும். நாள், இடம் தெரியாத படத்தை நம்பவேண்டா. தவறென அறிந்தால், முன்பு அனுப்பிய அனைவருக்கும் திருத்தத்தையும் அனுப்புவோம்.

இவற்றைப் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லால் மட்டுமன்றிச் செயலாலும் கற்பிக்க வேண்டும். கைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுக்கும் நாளே அதற்கு ஏற்ற நாள்.