மானியத்தில் எழுந்த நிலையம் யாருக்குச் சொந்தம்?

மட்டாஞ்சேரியில் வாழும் தமிழர்கள் நன்கறிந்த அரண்மனை ஒன்று உண்டு. அதைக் கட்டியவர்கள் போர்த்துகீசியர்கள். பதினாறாம் நூற்றாண்டில் கொச்சி அரசருக்கு அதை அன்பளிப்பாக அளித்தார்கள். பின்னர் வந்த டச்சுக்காரர்கள் அதைச் செப்பனிட்டார்கள். பெயரோ டச்சு அரண்மனை என்றே நிலைத்துவிட்டது. இன்று அதைக் காத்து வருவது இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறை. இந்த அரண்மனைக்கு அருகில் 2025 அக்டோபரில் நீர் மெட்ரோவின் புதிய படகு நிலையம் திறக்கப்பட்டது. அது யாருடையது என்று கேட்டால், "சர்க்காருடையது" என்று உடனே விடை வரும். அவ்விடை பாதிதான் சரி.

நீர் மெட்ரோவை நடத்துவது ஒரு கம்பெனி. அதன் பங்குகளில் 74 விழுக்காடு கேரள அரசிடமும், 26 விழுக்காடு கொச்சி மெட்ரோ ரயில் கம்பெனியிடமும் உள்ளன. அந்த ரயில் கம்பெனியிலோ மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் சரிபாதிப் பங்கு. நீர் மெட்ரோத் திட்டத்திற்கு ஜெர்மனியின் வளர்ச்சி வங்கி ஒன்று 85 மில்லியன் யூரோ கடன் கொடுத்தது. கடன் என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். கடன் கொடுத்தவருக்கு வேண்டியது அசலும் வட்டியும்; அவை அடைந்துவிட்டால் அவருக்கும் கட்டடத்திற்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் தீர்ந்துவிடும். மானியம் அப்படியன்று. மானியப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் அது என்ன நோக்கத்திற்காகக் கொடுக்கப்பட்டதோ, அந்த நோக்கம் கட்டடத்தை விட்டு அகலுவதில்லை. வீட்டுப் பத்திரத்தில் வில்லங்கம் ஒட்டிக்கொண்டிருப்பது போல அதுவும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017 இதைத் தெளிவாகச் சொல்கின்றன. முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ அரசு மானியத்தால் உண்டான சொத்தை, மானியம் வழங்கிய அதிகாரியின் முன் அனுமதியின்றிப் பராதீனம் செய்யக் கூடாது. அடமானம் வைக்கக் கூடாது. வேறு காரியத்திற்குத் திருப்பிவிடவும் கூடாது. மானியம் பெற்ற ஸ்தாபனம் கலைந்துபோனால் சொத்து அரசுக்கே திரும்பும். "முன்" அனுமதி என்பதே இதில் முக்கியம். கிரயம் முடித்துவிட்டுப் பிறகு கோப்பில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்புக்கு விதியில் இடமில்லை.

விமான நிலையத்திற்கு வந்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. 1999 வரை கொச்சிக்கு வந்த பயணி விமானங்கள் வில்லிங்டன் தீவில் கடற்படையின் தளத்தில்தான் இறங்கின. அவ்வாண்டு நெடும்பாசேரியில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. அதைக் கட்டியது மத்திய அரசின் விமான நிலைய ஆணையம் அன்று. மாநில அரசும், வெளிநாடுகளில் உழைத்த ஆயிரக்கணக்கான இந்தியர்களும், பிறரும் பங்கு வாங்கி நடத்தும் ஒரு கம்பெனி அதைக் கட்டியது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதல் நிலையம்.

இங்கே ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பொதுப் போக்குவரத்துக்கு என்று வழங்கப்பட்ட மானியத்தைக் கொண்டு, அந்த வளாகத்தினுள் ஒரு பேருந்து நிலையம் எழுப்பப்படுகிறது. மானியம் பெற்றது ஒரு போக்குவரத்து ஸ்தாபனம். நிலமோ கம்பெனிக்குச் சொந்தம். பத்தாண்டு கழித்து, கட்டடத்தைக் கம்பெனியிடமே ஒப்படைத்துவிடலாம் என்ற பேச்சு எழுகிறது. பராமரிப்புச் செலவு குறையும், ஒரே கையில் நிர்வாகம் இருக்கும் என்பவை நியாயமான காரணங்களே. ஆனால் கம்பெனியில் தனியார் பங்குதாரர்களும் உண்டல்லவா? விலையின்றிக் கொடுத்தால், மக்களின் வரிப்பணத்தில் ஒரு பகுதி அவர்களுடைய இலாபப் பங்காக மாறிவிடும். பேருந்துக்கு என்று கட்டிய கூடம் நாளடைவில் கடைவீதியாகவும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்பது பயணியின் பங்காகவும் ஆகிவிடலாம். இந்த இரண்டாவது ஆபத்தே பெரிது என்பது நம் கருத்து. விலையைக் கணக்கிட்டு வசூலித்துவிடலாம்; போன பயனை எப்படி வசூலிப்பது?

அமெரிக்காவில் கூட்டரசு மானியத்தால் வாங்கிய நிலமும் கட்டடமும் முதல் நோக்கத்திற்குத் தேவைப்படாமற் போனால் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. அரசின் பங்குக்கு ஈடான தொகையைச் செலுத்திச் சொத்தைத் தாமே வைத்துக்கொள்ளலாம். விற்று அந்தப் பங்கை அரசுக்குக் கொடுக்கலாம். அல்லது அரசு காட்டும் மூன்றாவது தரப்புக்கு மாற்றலாம். ஈடு என்பது அன்று செலவான தொகையைக் கொண்டு கணக்கிடப்படுவதன்று. இன்றைய சந்தை விலையில் அரசு கொடுத்த விகிதம். நிலத்தின் விலை ஏறிவரும் நம் நகரங்களுக்கு இது நல்ல பாடம்.

உடைமை வேறு, அனுபவ உரிமை வேறு என்பதையும் மறந்துவிடக் கூடாது. திருவனந்தபுரம் விமான நிலையம் 2021 அக்டோபரில் அதானி குழுமத்தின் நிர்வாகத்திற்கு 50 ஆண்டுக் காலத்துக்குச் சென்றது. கேரள அரசு அதை எதிர்த்து வழக்காடியும் வெற்றி பெறவில்லை. ஆயினும் அங்கே நடந்தது கிரயம் அன்று, காலவரையறையுள்ள ஒப்படைப்பே. கொச்சிக் கோட்டைப் பகுதியில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தொழில் செய்யும் சலவைக் கூடத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். டச்சுக்காரர் காலத்தில் அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்தோர் என்று அவர்கள் சொல்லப்படுகிறார்கள். அக்கூடத்தை 1976 இல் கட்டியது பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம். கற்களில் துணி அடித்து உழைப்பவர்கள் நம்மவர்கள். உழைப்பின் நீளம் மட்டும் உரிமைப் பத்திரம் ஆவதில்லை.

ஆகவே, படகுத்துறையிலோ பேருந்து நிலையத்திலோ சிறு கடை வைத்திருக்கும் நேயர்கள், கட்டடம் கைமாறப் போகிறது என்று கேள்விப்பட்டவுடன் சில தாள்களைத் தேட வேண்டும். மானியம் வழங்கிய உத்தரவு. நிலத்தின் பத்திரம் அல்லது குத்தகை ஆவணம். பணம் உரிய வழியில் செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ். மாற்றத்திற்குக் கொடுக்கப்பட்ட முன் அனுமதி. பழைய உரிமங்களை மதிப்பதாகப் புதிய உரிமையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறாரா என்பதையும் மாற்றப் பத்திரத்தில் பார்க்க வேண்டும். அப்படி ஒரு ஷரத்து இல்லாவிட்டால், அதைச் சேர்க்கும்படி எழுத்து மூலம் கேட்பதற்குரிய காலம் பத்திரம் பதிவாகும் முன்புதான். அரசு அலுவலகங்களில் உள்ள தாள்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இன்படி பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். விடை தருவதற்கு அலுவலகத்திற்கு உள்ள கெடு 30 நாட்கள்.