டாங்கியில் வெள்ளை பூத்தால்

ஆவடிப் பகுதியிலுள்ள கோவில்பதாகையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது இங்கிருந்துதான். பிறகு டி-72, அர்ஜுன். அதே டி-72-ஐ 35-இல் ஒரு பங்காகச் சுருக்கி பிளாஸ்டிக் மாதிரியாகச் செய்தால் அதன் உடல் ஒரு சாண் நீளம்தான் இருக்கும். அந்த ஒரு சாணுக்குள் சங்கிலிப் பட்டை, ஆணித்தலை, சேற்றுக்கறை எல்லாவற்றையும் தூரிகை நுனியால் வரைந்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். முடித்ததும், வண்ணம் உரியாமல் இருக்க மேலே வார்னிஷ் அடிப்பார்கள். வேலை கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஸ்ப்ரே கேனில் அடித்த சற்று நேரத்துக்குள் பச்சை நிறத்தின்மேல் திருநீறு தூவியதுபோல் வெள்ளை படரும். கடைக்காரரைத் திட்டுவோம். பல சமயம் குற்றவாளி வானிலை.

வார்னிஷில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். 30 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் பனிநிலை சுமார் 18 டிகிரி; பரப்பு அவ்வளவு தூரம் குளிர்வது கடினம். அதே 30 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதமானால் பனிநிலை 26-க்கு ஏறிவிடும். நான்கு டிகிரி குளிர்ந்தாலே போதும், ஈரம் படிந்து, காயாத வார்னிஷுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை உண்டாக்கும். அவை ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெள்ளை தெரிகிறது. ஐப்பசி மழையில், அதுவும் ஏரிப் பக்கத்து மொட்டை மாடியில், இதற்கு வேறு என்ன வேண்டும்?

மேட் வார்னிஷில் இன்னொரு வில்லங்கம் உண்டு. பளபளப்பைக் குறைக்க அதில் நுண்ணிய சிலிக்கா பொடி கலந்திருக்கும். அது அடியில் தங்கிவிடும். கேனைச் சரியாகக் குலுக்காவிட்டால் பொடி திட்டுத் திட்டாக விழும். ஒரே இடத்தில் மொத்தமாக அடித்தாலும் அதே கதிதான். உள்ளே குண்டு உருளும் ஓசை கேட்கத் தொடங்கிய பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள்.

வெள்ளை பூத்துவிட்டால் சுரண்ட வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீரைத் தொட்டு வையுங்கள். ஈரம் இருக்கும்வரை பழைய நிறம் தெரிந்தால் அடியிலுள்ள வண்ணம் பத்திரமாக இருக்கிறது, கோளாறு மேற்பரப்பில்தான். நன்றாகக் காயவிட்டு, வறண்ட நாளில் பளபளப்பு தரும் கிளாஸ் வார்னிஷ் மெல்லிய ஒரு பூச்சு கொடுத்தால் அது குழிகளை நிரப்பிவிடும். பல வேளைகளில் நிறம் திரும்பும். பளபளப்பு பிடிக்காவிட்டால் அதன்மேல் மேட் வார்னிஷை லேசாக அடிக்கலாம். எண்ணெய் தடவும் வைத்தியமும் உண்டு. நிறம் வரும், கூடவே தூசியும் ஒட்டும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சித்திரை வெயிலின் தொல்லை வேறு. துளிகள் காற்றிலேயே காய்ந்து மணலாக விழும். தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். கேனைச் சற்று அருகில் பிடித்தால் சரியாகும்.

கொலு பொம்மைக்கும் வார்னிஷில் ஒரு பாடம் உண்டு. நவராத்திரி நெருங்கும்போது அவசரமாகத் தடிமனாக வார்னிஷ் அடித்து, செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டுவிடுகிறோம். மேலே ஏடு கட்டியிருக்கும், உள்ளே காய்ந்திருக்காது. அடுத்த வருடம் பிரித்தால் கிருஷ்ணர் முதுகில் தங்க விலை நிலவரம் அச்சாகியிருக்கும். மெல்லிய பூச்சாக இரண்டு முறை அடித்து, ஒவ்வொன்றையும் முழுதாகக் காயவிட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே வார்னிஷ் அடிக்க, மழை ஓய்ந்த பிறகு, வெயில் ஏறி, மாலைக் கடற்காற்று ஆவடிக்கு வந்து சேர்வதற்கு முன்னான நேரத்தைப் பிடியுங்கள். அடுப்பு எரியும் இடத்தை விட்டுத் தள்ளி, காற்றோட்டத்தில், முகக்கவசத்தோடு நில்லுங்கள். முதலில் ஓர் உடைந்த பிளாஸ்டிக் துண்டில் அடித்துப் பாருங்கள். அதில் வெள்ளை பூத்தால் அன்றைக்கு டாங்கியைத் தொடாதீர்கள்.