'டார்க்லிங்' என்னும் சொல்லின் இலக்கிய ஆட்சி

ஆங்கிலத்தில் இருளைக் குறிக்கும் 'டார்க்' என்னும் சொல்லொடு 'லிங்' என்னும் பழைய விகுதி சேர்ந்து அமைந்தது 'டார்க்லிங்'. அவ்விகுதி, வினை நிகழும் நிலையையேனும் திசையையேனும் உணர்த்தி வினையடையை ஆக்குவது. எனவே 'இருளில் இருந்தவாறு' என்பதே இச்சொல்லின் முதற்பொருளாம். இன்று இது பேச்சு வழக்கில் இல்லை. செய்யுளில் அருகி வருவது.

ஷேக்ஸ்பியர் இதனைக் கைவிடப்பட்டோர் வாயிலும் வைத்தார். 'நடுவேனிற் கனவு' நாடகத்தில் இரவுக் காட்டில் காதலனால் விடப்படும் எலெனாவும், 'லியர் மன்னன்' நாடகத்தில் விளக்கணைந்த நிலையைச் சொல்லும் நகைவேழம்பனும் இச்சொல்லை ஆள்கின்றனர்.

1667-இல் வெளிவந்த 'இழந்த சுவர்க்க'த்தின் மூன்றாங் காண்டத்தில் இச்சொல் புதுநிலை எய்துகிறது. ஒளியை விளித்துப் பாடும் மில்டன் அதற்குப் பதினைந்து ஆண்டுகட்கு முன்னரே கண்பார்வையை முற்றும் இழந்தவர். தம்மை இருளில் மறைந்து பாடும் இராப்பறவையோடு ஒப்பிடுமிடத்து இச்சொல்லைப் பெய்தார். இருள் ஈண்டு இரவு மட்டுமன்று, பாடுவோனின் குருடுமாம்.

இடையில் இலக்கண மயக்கம் ஒன்று நேர்ந்தது. 1755-இல் அகராதி வெளியிட்ட ஜான்சன், 'இங்' என முடியும் எச்சங்களைப் போன்று இதுவும் 'டார்க்கிள்' என்னும் வினையடியாகப் பிறந்தது போலும் எனக் கருதினார். ஆயினும் அவ்வினையை யாண்டும் கண்டிலேன் என்றும் குறித்தார். அவர் காணாத வினை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழக்கிற்கு வந்துவிட்டது! பிள்ளையைக் கொண்டு தாயைப் படைத்தது போன்றது இது.

1819-இல் நைட்டிங்கேலைப் பாடிய கீட்ஸ், இச்சொல்லைப் பறவைக்கு ஆக்காது கேட்போனாகிய தமக்கே ஆக்கினார். மில்டனிடம் பாடுவோன் இருளில் உளன். கீட்ஸிடம் கேட்போன் இருளில் உளன். இம்மாற்றமே அப்பாட்டின் உயிர்நிலை என்பது எம் கருத்து. 1867-இல் வெளியான ஆர்னால்டின் 'டோவர் கடற்கரை'யிலோ இது பெயரடையாகிப் போர் நிகழும் வெளியைச் சிறப்பிக்கிறது.

ஹார்டியின் ஆட்சியே நுணுகி நோக்கத்தக்கது. அவர்தம் த்ரஷ் பறவைப் பாட்டு 1900 திசம்பரில் 'கிராபிக்' இதழில் வந்தபோது, நூற்றாண்டின் மரணப் படுக்கையைச் சுட்டும் வேறொரு தலைப்பே பெற்றிருந்தது. பின்னர் நூலிற் சேர்ந்தபொழுதே 'டார்க்லிங்' தலைப்பில் ஏறியது. பாட்டினுள் அச்சொல் ஓரிடத்தும் இல்லை. மாலைப்பொழுதைக் குறிப்பதே நோக்கமாயின் எளிய சொற்கள் பல உள. மில்டனின் பறவையையும் கீட்ஸின் செவியையும் ஒருங்கே நினைப்பிக்க வேண்டியே இதனைத் தேர்ந்தார் எனக் கொள்வது பொருந்தும். முன்னவர் பாடிய பறவை எங்கோ மறைந்திருந்து பாடியது. ஹார்டியின் பறவையோ முதுமையால் மெலிந்து, குளிர்காற்றில் இறகு கலைந்து, கண்ணெதிரே நிற்கிறது. அது பாடும் நம்பிக்கையோ கேட்கும் கவிஞருக்கு எட்டவில்லை.

இத்தலைப்பை 'இருண்ட பறவை' எனத் தமிழிற் பெயர்ப்பின் நிறமே தோன்றும். 'இருளிடைப் பாடும் பறவை' என விரித்தலே தகும்.