வயலைக் கேள், பதில் சொல்லும்!

“நேற்று மருந்தடி என்றார்கள். இன்று அடிக்காதே என்கிறார்கள். விஞ்ஞானிகளுக்கே ஒரு நிலை கிடையாது போலிருக்கிறதே!”

மன்னார்குடித் தேநீர்க் கடைகளில் புகையான் பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கேலியும் கூடவே எழும். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஆனால் தோழர்களே, சொன்னதை மாற்றிக்கொள்வது பலவீனமா, பலமா? பதிலை நம் வயலிலேயே தேடுவோம்.

1960-61-ல் அன்றைய தஞ்சை மாவட்டத்துக்குப் ‘பேக்கேஜ் திட்டம்’ வந்தது. நம் ஜி.இ.பி. 24 நெல்லையும் ஜப்பான் நெல்லையும் இணைத்துப் பிறந்த ஆடுதுறை 27, அறுபதுகளின் நடுவில் குறுவை வயல்களில் பரவியது. 1966-ல் பிலிப்பைன்ஸ் நாட்டு லாஸ் பானோஸ் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 நெல்லை வெளியிட்டது. குட்டைப் பயிர், உரத்தைத் தாங்கியது, சாயாமல் நின்றது. விளைச்சல் கூடியது. உரம் கூடியது, மருந்தும் கூடியது. பின்னாலேயே வந்தது புகையான்!

தண்டின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி அது. பச்சை வயல் வட்டம் வட்டமாகத் தீய்ந்து போகும். அன்று தரப்பட்ட அறிவுரை என்ன? பூச்சி வந்தால் மருந்தடி. போகவில்லையென்றால் மறுபடியும் அடி!

அடித்தார்கள். ஆனால் பூச்சி ஒழியவில்லை. அடிக்காத வயலைவிட அடித்த வயலே அதிகம் கருகுவதாக எழுபதுகளில் சிலர் கவனித்தார்கள். உடனே ‘மருந்துதான் குற்றவாளி’ என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? கூடாது. பூச்சி மிகுந்த வயலில்தானே மருந்தும் மிகுதியாக அடிப்பார்கள்? எது காரணம், எது விளைவு?

இங்கேதான் விஞ்ஞானத்தின் கட்டுப்பாட்டைப் பார்க்க வேண்டும். ஒரே நெல், ஒரே நாள் நடவு, ஒரே உரம், ஒரே தண்ணீர். பக்கத்துப் பக்கத்தில் பாத்திகள். சிலவற்றில் மருந்து; சிலவற்றில் இல்லை. எந்தப் பாத்திக்கு மருந்து என்பதை ஆள் விருப்பப்படி முடிவு செய்யக் கூடாது. திருவுளச்சீட்டுப் போல் குலுக்கி எடுக்க வேண்டும். ஒரு பாத்தியோடு நிறுத்தாமல் பல பாத்திகளில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு குனிந்து, குத்துக் குத்தாகப் பூச்சியை எண்ண வேண்டும்.

எண்ணினார்கள். சில மருந்துகளை அடித்த பாத்திகளிலேயே புகையான் பெருகியிருந்தது!

ஏன்? பிலிப்பைன்ஸ் வயல்களில் ஆராய்ந்த அமெரிக்கர் பீட்டர் கென்மோர் ஒரு காரணம் காட்டினார்: புகையானைத் தின்னும் சிலந்திகளை மருந்து கொன்றுவிடுகிறது, புகையானின் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கிறது, பொரிந்து வரும் குஞ்சுக்கு எதிரியே இல்லை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செல்லையா, ஹைன்ரிக்ஸ் என்பவருடன் லாஸ் பானோஸில் ஆராய்ந்து 1980-ல் வேறொரு காரணத்தை வெளியிட்டார்: டெல்டாமெத்ரின், மீதைல் பாரத்தியான், டயசினான் போன்ற மருந்துகள் பட்ட பயிரில் புகையான் அதிகம் உறிஞ்சுகிறது, அதிகம் முட்டையிடுகிறது. எது முதன்மைக் காரணம் என்று வாதம் நடந்தது. வாதத்தைத் தீர்த்து வைக்க வேண்டியவர் பெரிய பதவிக்காரர் அல்ல, எண்ணிக்கைதான்! இரண்டு காரணத்துக்கும் சான்று கிடைத்தது.

அதன் பலனை இன்று நம் வேளாண்மைத் துறை சொல்லும் விதியில் காணலாம். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி கண்டால் நடவடிக்கை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுத்திரு. எட்டடிக்கு ஓரடி பட்டம் விடு, தண்ணீரை வடி, தழைச்சத்தை அளவோடு இடு. ஒரு காலத்தில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத சிலந்திக்கு இன்று கணக்கில் இடம்!

இந்தோனேசிய அரசு 1986-ல், 57 பூச்சி மருந்துகளை நெல் வயலில் அடிக்கக் கூடாது என்று தடை போட்டது. விளைச்சல் சரிந்துவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. சரியவில்லை!

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. உண்மை வெளிப்பட்டவுடன் உலகம் திருந்திவிடுவதில்லை. மீதைல் பாரத்தியானும் டயசினானும் மனிதருக்கும் கால்நடைக்கும் ஆபத்து என்று இந்தியாவில் தடை செய்யப்பட்ட ஆண்டு 2018! அதுவரை, முதுகில் தெளிப்பானைச் சுமந்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சேற்றில் நடந்தவன் யார்? கூலிக்கு மருந்தடித்த நம் தொழிலாளி! தவற்றைத் திருத்தத் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் அவன் உடம்பே விலை கொடுக்கிறது. ஆகவே, உண்மையைக் கண்டறிவது விஞ்ஞானியின் வேலை. அதை அமலாக்க வைப்பது நம் வேலை.

நமக்கும் ஒரு பாடம் இதில் உண்டு. ஊர்வலத்துக்கு நூறு பேர் வந்தால், கிளைக் கூட்டத்தில் நூறு என்றே சொல்வோம். போட்ட திட்டம் பலிக்கவில்லையென்றால், ஏன் என்று கேட்போம். தன் சொல்லைச் சோதிக்க மறுப்பவன் எவ்வளவு உரக்கப் பேசினாலும், அவன் பேச்சு பதர்தான்.

தேநீர்க் கடைத் தோழருக்கு நம் பதில் இதுதான்: ஆம், விஞ்ஞானி சொன்னதை மாற்றினார். வயல் சொன்னது, அவர் கேட்டார். நாமும் கேட்போம்!